குழாய்நீரின் பற்றீரியாப் பரிசோதனை: நடைமுறையும் சட்டமும்

ஒன்ராறியோவில் வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு குவளை நீர் அருந்தும் ஒருவர், அந்த நீர் பரிசோதிக்கப்பட்டதா என்று வினவுவாராயின், அதற்குரிய நேர்மையான விடை ‘இல்லை’ என்பதே. பரிசோதிக்கப்படுவது, அதே வழங்கற் குழாய்த் தொகுதியில் வேறொரு வேளையில், வேறோர் இடத்தில் எடுக்கப்பட்ட சிறிதளவு நீராகும். பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்ப்பதற்கு ஏறத்தாழ ஒரு நாள் தேவைப்படுகின்றது. பெறுபேறு வருமுன்னரே நகரம் அந்நீரை அருந்தி முடித்துவிடும். எனவே, இப்பரிசோதனையை வாயிற்காவலுக்கு ஒப்பிடுவதிலும் பார்க்க, நிகழ்ந்ததைப் பின்னர் வந்து உரைக்கும் சாட்சிக்கு ஒப்பிடுவதே பொருந்தும். சாட்சி எவ்வளவு உண்மையானதாயினும், அது உரியவர்களின் செவிக்கு எட்டாவிடின் பயனில்லை. ஒன்ராறியோவின் குடிநீர்ச் சட்டம் இதனை உயிர்களை விலையாகக் கொடுத்தே கற்றுக்கொண்டது.

காவற் பணியைச் செய்வது குளோரீன். சுத்திகரிப்பு நிலையத்தில் அல்லது கிணற்றடியில் நீருடன் சேர்க்கப்படும் குளோரீனின் ஒரு பகுதி, நீரிலுள்ள நுண்ணுயிர்களையும் சேதனப் பொருட்களையும் தாக்குவதில் செலவாகிவிடும். செலவாகாமல் எஞ்சி நிற்பது ‘மீதிக் குளோரீன்’ எனப்படும். அது குழாய்களினூடே வீடுவரை நீருடன் பயணஞ்செய்து, வழியில் ஏதேனும் மாசு புகுந்தால் அதனை எதிர்கொள்ளும். ஒன்ராறியோ விதிகளின்படி வழங்கற் குழாய்களில் சுயாதீன மீதிக் குளோரீன் ஒரு லீற்றருக்கு 0.05 மில்லிகிராமிலும் குறைதல் ஆகாது. ரொறன்ரோவைப் போன்று, அமோனியாவும் சேர்த்துக் குளோரமைன் முறையைக் கையாளும் இடங்களில் இந்தக் கீழெல்லை 0.25 மில்லிகிராம் ஆகும். மீதிக் குளோரீனை அளப்பதற்குச் சில நிமிடங்களே போதும். அதன் அளவு திடீரெனக் குறைந்தால், எதுவோ அதனைத் தின்றுகொண்டிருக்கின்றது என்பது பொருள். பற்றீரியாப் பரிசோதனை நாளை சொல்லப்போவதை மீதிக் குளோரீன் இன்றே குறிப்பாற் காட்டிவிடும். இரண்டையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். மாதிரி எடுக்கும் அதே வேளையில், அதே இடத்தில் மீதிக் குளோரீனையும் அளந்து பதிய வேண்டும் என விதி கூறுவதன் காரணம் இதுவே.

எதைத் தேடுகின்றார்கள்?

நீரால் பரவும் நோய்க்கிருமிகள் பல. நெருப்புக் காய்ச்சல், வாந்திபேதி, வயிற்றுளைவு ஆகியவற்றின் கிருமிகள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாளும் தனித்தனியே தேடுவது எந்த ஆய்வுகூடத்துக்கும் இயலாத காரியம். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வழியாகவே நீரை அடைகின்றன: மனித மலத்தின் அல்லது விலங்கு மலத்தின் வழியாக. ஆகவே மலக்கழிவு கலந்தமைக்கான அடையாளத்தைத் தேடினாற் போதும். அந்த அடையாளமே ஈ.கோலை. 1885இல் தியோடர் எஷரிச் என்னும் குழந்தை மருத்துவர் விவரித்த இந்தப் பற்றீரியா, மனிதர் உட்பட இளஞ்சூட்டுக் குருதியுடைய உயிர்களின் குடலில் வாழ்வது. அதன் பெரும்பாலான வகைகள் எத்தீங்கும் செய்வதில்லை. எனினும் அது குடிநீரில் காணப்படுமாயின், குடலிலிருந்து வந்த வேறெதுவும் அந்நீரில் இருக்கக்கூடும்.

இதனுடன் ‘மொத்தக் கோலிபோம்’ என்னும் பெருங்குடும்பத்தையும் ஆய்வுகூடம் தேடுகின்றது. இக்குடும்பத்தின் பல உறுப்பினர்கள் மண்ணிலும் தாவரங்களிலும் இயல்பாகவே வாழ்பவை. ஆதலால் இவை காணப்படுவது மலக்கழிவுக்குச் சான்றாகாது. மேற்பரப்பு நீர் எங்கோ உட்புகுந்தது, அல்லது குளோரீன் போதவில்லை என்னும் ஐயத்தை எழுப்பும். 100 மில்லிலீற்றர் நீரில் இரண்டுமே கண்டறியப்படலாகாது என்பது மாகாணத் தரம். ‘குறைவாக இருக்கலாம்’ என்ற சலுகை இதில் இல்லை.

ஆய்வுகூடம் இதனை இரண்டு வழிகளில் செய்கின்றது. ஒன்றில், 100 மில்லிலீற்றர் நீரை மிக நுண்ணிய துளைகளையுடைய மென்சவ்வினூடாக வடித்து, சவ்வைப் போசணை ஊடகத்தின்மீது வைத்து ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். உயிருள்ள ஒவ்வொரு பற்றீரியாவும் கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளியாகப் பெருகும்; புள்ளிகளை எண்ணலாம். மற்றையதில், நீருடன் ஒரு தூள் சேர்க்கப்படும். கோலிபோம் இருந்தால் அதன் நொதியம் நீரை மஞ்சளாக்கும், ஈ.கோலை இருந்தால் ஊதாக்கடந்த ஒளியின்கீழ் நீர் நீலமாக ஒளிரும்.

இங்கு ஒரு விநோதம் உண்டு. மிகக் கொடிய வகையாகிய ஈ.கோலை ஓ157:எச்7, நீலமாக ஒளிரச் செய்யும் அந்த நொதியத்தின் செயற்பாட்டைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அதாவது, பலர் அஞ்சும் அந்தக் கிருமி இந்தச் சோதனையில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனால் அது ஒருபோதும் தனியே வருவதில்லை. எண்ணிறந்த சாதாரண ஈ.கோலைகளின் நடுவிலேயே வருகின்றது. அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தால் எச்சரிக்கை கிடைத்துவிடும். அடையாள உயிரியைத் தேடும் முறையின் பலமும் இதுவே, எல்லையும் இதுவே. ‘சாதாரண ஈ.கோலைதானே’ என்று ஒரு பெறுபேற்றை எவரும் ஒதுக்கிவிட முடியாதென்பதற்குக் காரணமும் இதுவே.

மாதிரி எடுத்தல்

மாதிரி எடுப்பது மேலோட்டமாகப் பார்க்க எளிய வேலை. குழாயின் முனையிலுள்ள வலையைக் கழற்றி, முனையைத் தொற்றுநீக்கி, குளிர்ந்த நீரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, கிருமியழிக்கப்பட்ட போத்தலில் நிரப்புதல் வேண்டும். போத்தலினுள்ளே சிறிதளவு வெண்தூள் இருக்கும். அதனை அழுக்கென எண்ணிக் கழுவிவிடக் கூடாது. அது சோடியம் தயோசல்பேற்று. நீரிலுள்ள குளோரீனை அக்கணமே செயலிழக்கச் செய்வது. அது இல்லாவிடின், போத்தலுக்குள் இருக்கும் குளோரீன் ஆய்வுகூடம் செல்லும் வழியெல்லாம் பற்றீரியாவைக் கொன்றுகொண்டே போகும். குழாயில் இருந்த நிலையைப் பெறுபேறு காட்டாது. மூடியின் உட்புறத்தை விரல் தொட்டாலும், போத்தலை வாகனத்தில் வெயிலில் விட்டாலும் பெறுபேறு பிறழும். மாதிரி குளிரூட்டப்பட்டு, உறையாமல், 48 மணித்தியாலங்களுக்குள் ஆய்வுகூடத்தைச் சென்றடைதல் வேண்டும்.

எத்தனை மாதிரிகள்? பெரிய நகரசபைக் குடிநீர்த் தொகுதியொன்று 100,000 பேருக்கோ அதற்குக் குறைவானோருக்கோ நீர் வழங்குமாயின், மாதந்தோறும் 8 மாதிரிகளும், ஒவ்வொரு 1,000 பேருக்கும் மேலதிகமாக ஒன்றும் எடுத்தல் வேண்டும். 60,000 பேர் வாழும் நகரில் இது மாதத்துக்கு 68 ஆகும். 100,000 பேருக்கு மேற்பட்டால் கணக்கு மாறும்: 100 மாதிரிகளும், ஒவ்வொரு 10,000 பேருக்கும் ஒன்றும். 300,000 பேருக்கு 130. இவை மாதக் கடைசியில் ஒரே நாளில் எடுத்து முடிக்கத்தக்கவை அல்ல. ஒவ்வொரு வாரமும் எடுத்தாக வேண்டும்.

போத்தலின்மீது ஒட்டப்படும் சிட்டையில் இடம், நாள், நேரம், எடுத்தவர் பெயர் ஆகியன எழுதப்படும். இச்சிட்டை சாட்சியத்தின் ஒரு பகுதி. அதில் பொய் எழுதப்பட்டால் என்ன நேரும் என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

வோக்கர்டன், 2000 மே

ரொறன்ரோவுக்கு வடமேற்கே, ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்த சிறு பட்டினம் வோக்கர்டன். அதன் குடிநீர்க் கிணறுகளுள் 5ஆம் இலக்கக் கிணறு 1978இல் அமைக்கப்பட்டது. ஆழம் குறைந்தது, மேலே மண்படை மெலிந்தது, நீர் வந்ததோ பிளவுகள் நிறைந்த பாறையிலிருந்து. அருகே ஒரு பண்ணை இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் கிணறுகளை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பின் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கு மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அளந்து பார்ப்பதும் இதே காரணத்துக்காகவே. பிளவுபட்ட பாறை நீரை வடிப்பதில்லை, கடத்துகின்றது.

2000ஆம் ஆண்டு மே 8 முதல் 12 வரையான ஐந்து நாட்களில் அங்கு 134 மில்லிமீற்றர் மழை பெய்தது. பண்ணை நிலத்தில் இடப்பட்டிருந்த மாட்டெருவிலிருந்து ஈ.கோலை ஓ157:எச்7, கம்பைலோபக்ரர் ஆகிய கிருமிகள் 5ஆம் கிணற்றை அடைந்தன. பண்ணையாளர் நல்ல விவசாய முறைகளையே கடைப்பிடித்திருந்தார் என்றும், அவர்மீது குற்றமில்லை என்றும் பின்னர் நடந்த விசாரணை தெளிவாகக் கூறியது.

குளோரீன் போதியளவு சேர்க்கப்பட்டிருந்தால் கிருமிகளின் பெரும்பகுதி அழிந்திருக்கும். மீதிக் குளோரீன் நாள்தோறும் உண்மையாக அளக்கப்பட்டிருந்தால், அது வீழ்ந்தமை தெரிந்திருக்கும். ஆனால் அங்கு நீர்வழங்கலை நடத்தியவர்கள் பல ஆண்டுகளாகவே குளோரீனைக் குறைவாகச் சேர்த்துவந்தனர். அளக்காமலேயே நாட்பதிவேட்டில் 0.5 அல்லது 0.75 என எழுதிவந்தனர். மாதிரிப் போத்தல்களிலோ, எடுத்த இடத்தை விடுத்து வேறு இடங்களின் பெயர்களை எழுதினர். நீர் நன்றாகவே இருக்கின்றது என்பது அவர்களின் நம்பிக்கை. குளோரீன் மணத்தைக் குறித்துக் குடியிருப்பாளர்கள் முறையிட்டதும் உண்டு. ஊரார் முறையிட்டதற்காக ஊராரின் காவலைத் தளர்த்தியது எவ்வளவு எளிதாக நிகழ்ந்துவிட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

மே 15இல் மாதிரிகள் எடுக்கப்பட்டன. மே 17இல் தனியார் ஆய்வுகூடம் பெறுபேற்றை அறிவித்தது: மாதிரிகளில் ஈ.கோலை. சாட்சி உண்மையைக் கூறிவிட்டது. ஆனால் அது நீர்வழங்கல் அலுவலகத்துக்கு மட்டுமே கூறப்பட்டது. சுகாதாரப் பகுதிக்கோ சுற்றாடல் அமைச்சுக்கோ அறிவிக்கப்படவில்லை. 1996இல் மாகாண அரசின் ஆய்வுகூடங்கள் நகரசபைகளுக்கான வழமையான நீர்ப் பரிசோதனையைக் கைவிட்டபின், அப்பணி தனியாரிடம் சென்றிருந்தது. பாதகமான பெறுபேற்றை அரசுக்கும் அறிவித்தல் நன்று என்று கூறும் வழிகாட்டி ஒன்று இருந்தது. அது சட்டமாக இருக்கவில்லை. பெறுபேறு வாடிக்கையாளருக்கு மட்டுமே உரியது என ஆய்வுகூடம் கருதியது. ‘வேண்டும்’ என்பதற்கும் ‘நன்று’ என்பதற்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சட்டம் பயின்றோர் அறிவர். வோக்கர்டனில் அந்த இடைவெளிக்குள் ஓர் ஊரே விழுந்தது.

மே 19இல், இரத்தக் கழிச்சலுடன் பிள்ளைகள் வருவதைக் கண்ட சுகாதாரப் பகுதி, நீரைப் பற்றி அலுவலகத்தை வினவியது. இரண்டு நாட்களுக்கு முன்பே பெறுபேற்றைப் பெற்றிருந்தும், நீர் நன்றாக உள்ளது என்றே விடை கிடைத்தது. அன்று விக்ரோரியா தின நீண்ட வாரயிறுதியின் தொடக்கம். மே 21 அன்று, வேறெவரின் பெறுபேற்றுக்கும் காத்திராமல், சுகாதார வைத்திய அதிகாரி தாமாகவே நீரைக் கொதிக்கவைத்து அருந்துமாறு அறிவித்தார். சுகாதாரப் பகுதி எடுத்த மாதிரிகள் மே 23 அன்று மாசினை உறுதிசெய்தன. ஏழு பேர் இறந்தனர்; 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஊரின் ஏறத்தாழப் பாதிப்பேர். சிறுவர் சிலரின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன.

நீதியரசர் டெனிஸ் ஓ’கோனர் தலைமையிலான விசாரணை 2002இல் இரு பாகங்களாக அறிக்கையிட்டது. பரிந்துரைகள் மொத்தம் 121. 5ஆம் கிணற்றில் மீதிக் குளோரீனையும் கலங்கலையும் இடையறாது அளக்கும் கருவிகள் இருந்திருப்பின் இந்த நோய்ப்பரவல் தடுக்கப்பட்டிருக்கும் என்பது அதன் முடிவு. மே 19 அன்று உண்மை கூறப்பட்டிருந்தால் 300 தொடக்கம் 400 பேர்வரை நோயுறாது தப்பியிருப்பர் என்றும் அது கணித்தது.

சட்டம் இன்று கூறுவது

பாதகமான பெறுபேற்றை அறிவித்தல் 2000 ஓகஸ்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் முழுத் தொகுதியையும் ஒழுங்குபடுத்தியது. ஆய்வுகூடத்துக்கு உரிமம் வேண்டும். தொகுதியை இயக்குபவருக்குச் சான்றிதழ் வேண்டும். பாதகமான பெறுபேற்றை ஆய்வுகூடம் நீர்வழங்கலின் உரிமையாளருக்கும், சுற்றாடல் அமைச்சுக்கும், சுகாதார வைத்திய அதிகாரிக்கும் உடனடியாக வாய்மொழியாகவே கூறுதல் வேண்டும். தொலைநகல் அனுப்பிவிட்டு இருந்துவிட முடியாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் பேசியாக வேண்டும். எழுத்து மூலமான அறிவித்தல் 24 மணித்தியாலங்களுக்குள் தொடர்தல் வேண்டும்.

ஈ.கோலை கண்டறியப்பட்டால் நகரசபை குளோரீனைக் கூட்டி, குழாய்களைக் கழுவிவிட்டு, மீண்டும் மாதிரிகள் எடுக்கும்: அதே இடத்தில் ஒன்று, நீரோட்டத்தின் மேற்புறத்தில் ஒன்று, கீழ்ப்புறத்தில் ஒன்று. 24 முதல் 48 மணித்தியால இடைவெளியில் எடுக்கப்பட்ட அடுத்தடுத்த இரண்டு தொகுதி மாதிரிகள் தூய்மையாக வரும்வரை இது தொடரும்.

இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு தனியே கவனிக்கத்தக்கது. நகரசபையின் குடிநீர்த் தொகுதியை மேற்பார்வை செய்யும் ஒவ்வொருவரும், தீர்மானங்களில் பங்குகொள்ளும் சபை உறுப்பினர்கள் உட்பட, நியாயமான விவேகமுள்ள ஒருவர் காட்டக்கூடிய கவனத்தையும் முயற்சியையும் காட்டக் கடமைப்பட்டவர்கள். தவறினால் தண்டப்பணமோ சிறைத்தண்டனையோ விதிக்கப்படலாம். ‘எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது’ என்பது மட்டுமே விடையாகாது. நிபுணரின் அறிக்கையை நம்பியிருக்கலாம்; ஆனால் அறிக்கையைக் கேட்டு வாங்கியிருத்தல் வேண்டும்.

கொதிநீர் அறிவித்தல் வந்தால்

மேற்கூறிய சங்கிலியின் கடைசிக் கண்ணி வீட்டுச் சமையலறையில் இருக்கின்றது. ஆங்கில அறிவித்தலைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வாசித்துச் சொல்லும் வரை முதியோர் குழாய்நீரை அருந்திக்கொண்டிருக்கும் நிலை ஏற்படலாகாது. அயலிலுள்ள தனித்து வாழும் முதியவரின் கதவைத் தட்டிச் சொல்வது இவ்வேளையில் பேருதவியாகும்.

நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கிய பின் குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க விடுதல் வேண்டும். ஆவி எழுந்தால் மட்டும் போதாது. மேசையில் வைக்கும் வடிகட்டிக் குவளைகளும் குளிர்சாதனப் பெட்டியின் வடிகட்டியும் கொதிக்க வைத்தலுக்கு மாற்றல்ல. முன்பே உறைந்த பனிக்கட்டிகளைக் கொட்டிவிட வேண்டும். பற்துலக்குவதற்கும், குழந்தைக்குப் பால்மா கரைப்பதற்கும், பச்சையாக உண்ணும் கீரை, பழங்களைக் கழுவுவதற்கும் கொதித்தாறிய நீரே பயன்பட வேண்டும். சோற்றுக்கும் குழம்புக்கும் விடும் நீர் அடுப்பில் நன்றாகக் கொதித்துவிடும். சம்பலுக்கும், மோருக்கும், சர்க்கரைத் தண்ணீருக்கும், பூசையறையில் வைத்துப் பின் அருந்தும் தீர்த்தத்துக்கும் விடும் நீர் கொதிப்பதில்லை. இவையே பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. வளர்ந்தோர் குளிக்கலாம், நீரை விழுங்காதிருந்தால். சிறு குழந்தைகளைத் துணியால் துடைத்துவிடுதல் நன்று.

சொந்தக் கிணறு உடையோர்

நகரின் எல்லைப் புறத்தில் கிணற்றுடன் கூடிய வீடு வாங்கியோருக்கு மேற்கூறிய பாதுகாப்பு எதுவும் பொருந்தாது. அங்கு நீருக்குப் பொறுப்பு வீட்டுரிமையாளரே. பொதுச் சுகாதார ஒன்ராறியோவின் ஆய்வுகூடங்கள் தனியார் கிணற்று நீரில் ஈ.கோலை, மொத்தக் கோலிபோம் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பரிசோதிக்கின்றன. போத்தலை உள்ளூர்ச் சுகாதாரப் பகுதியில் பெறலாம். உறைபனி உருகும் காலத்திலும் பெருமழையின் பின்னரும் பரிசோதித்தல் அவசியம். ஒருமுறை தூயதென வந்த பெறுபேறு அன்றைய நீரைப் பற்றியது மட்டுமே.

ஆண்டறிக்கையை வாசித்தல்

ஒவ்வொரு குடிநீர்த் தொகுதிக்கும் ஆண்டறிக்கை ஒன்று அடுத்த ஆண்டின் பெப்ரவரி இறுதிக்குள் ஆயத்தமாதல் வேண்டும். அதனைக் கட்டணமின்றிப் பெறுவது குடியிருப்பாளரின் உரிமை. காரணம் கூற வேண்டியதில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பினும் அட்டவணைகளை வாசிப்பது கடினமன்று. நுண்ணுயிர் அட்டவணையில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையும், ஈ.கோலை, மொத்தக் கோலிபோம் ஆகியவற்றின் மிகக் குறைந்த, மிகக் கூடிய பெறுபேறுகளும் தரப்பட்டிருக்கும். இரண்டிலும் ‘0–0’ என்றிருப்பது நன்று. பாதகமான பெறுபேறுகள் தனி அட்டவணையில் வரும். ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கான மாதிரிகள் எடுக்கும் நகரில் இடையிடையே ஒன்றிரண்டு மொத்தக் கோலிபோம் பெறுபேறுகள் காணப்படுவது அச்சத்துக்குரியதன்று. அங்கு பார்க்க வேண்டியது, பெறுபேறு கிடைத்த திகதியும், திருத்த நடவடிக்கை எடுக்கப்பட்ட திகதியும். அவ்விரு திகதிகளுக்கும் இடையே நாட்கள் கழிந்திருப்பின், அது ஏன் என்று நகரசபையை எழுத்து மூலம் வினவலாம். அக்கடிதத்தைத் தமிழிலும் எழுதலாம்.